சுகந்தாமணியின் குரலுக்கு ஒரு சிப்

ஆடி மாசத்து மூணாவது செவ்வாக்கிழமை காலையில ஒன்பது பத்துக்கு, எங்க காத்தாடிப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல, பல்லடம் போற வண்டி ரெண்டாவது நடைமேடையில நிக்குதுன்னு கம்பத்துல கட்டியிருந்த பெட்டி சொன்னப்ப, அதைக் கேட்டுக்கிட்டு நின்ன அத்தனை பேரு தோள்மேலயும் பொடிச் சல்லி உதிர்ந்துச்சு. ஒருத்தரும் அலறலை. ஒரு கண்டக்டர் மட்டும் காலரைத் தூக்கி உதறிட்டு, "ஏறுறவங்க உதறிட்டு ஏறுங்க, வண்டிக்குள்ள கொட்டாதீங்க"ன்னு விசில் அடிச்சாரு. அன்னையிலிருந்து எங்க ஊருல அப்படித்தான்.

ஏன் உதிருதுன்னு என்னைக் கேக்காதீங்க. கோயமுத்தூர்ல இருந்து காலேஜ் வாத்தியாருங்க நாலு பேரு கருவியெல்லாம் தூக்கிட்டு வந்து, தோளை உதறிப் பார்த்து, டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. எது உதிரும் எது உதிராதுங்கறது மட்டும் ஒரே வாரத்துல ஊருக்கே பாடமாயிருச்சு. மனுசன் வாயைத் தொறந்து பேசுனா உதிராது, கோயில் மணி உதிராது, தவில் உதிராது, தறிச் சத்தமும் மாடு கத்துறதும் உதிராது. எந்தச் சத்தத்தை எண்ணாக்கி ஒரு சிப்புக்குள்ள அடைச்சு வெச்சு, அந்த எண்ணை மறுபடி சத்தமாக்கி வெளிய விடறோமோ அந்தச் சத்தம்தான் உதிரும். அதுவும் பெட்டி வாயில இருந்து உதிராது, கேக்குற காதுக்குப் பக்கத்துல உதிரும். மூடுனாலும் மறைச்சாலும் நகர்ந்து நின்னாலும் கேட்டா உதிரும். காது சுத்தமா கேக்காத எங்க தபால்கார அண்ணன் ஒருத்தர்தான் இஸ்திரி மடிப்புக் கலையாம ஊரைச் சுத்தி வந்தாரு.

ஊரு என்ன பண்ணும், பழகிருச்சு. மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டு தொட்டி வெச்சிருந்த நகராட்சி மூணாவதா சத்தக் குப்பைக்கு ஒரு தொட்டி வெச்சுது. குச்சி ஐஸ் வண்டி பாட்டுக்கு ஜவ்வரிசி மாதிரி உதிர்ந்துச்சு, ஆட்டோ பின்னால வர்றப்ப அடிக்கிற மெட்டுக்குக் கறுப்புக் கொண்டக்கடலை மாதிரி உதிர்ந்துச்சு, கல்யாண மண்டபத்துல ஆளுயரப் பெட்டி வெச்சுப் பாட்டுப் போட்டா மறுநாள் டிராக்டர்ல அள்ளிட்டுப் போயி வீட்டு அஸ்திவாரக் கடகாலுக்குக் கொட்டுனாங்க. டிவி சீரியல்ல இருந்து உதிர்றது பாத்திரம் விளக்க நல்லா இருக்குதுன்னு பொம்பளைங்க கண்டுபிடிச்சதுல ரெண்டு சோப்புத்தூள் ஏஜெண்டுங்க ஊரைவிட்டே போயிட்டாங்க. மாப்பிள்ளை பார்க்கப் போனா ஜாதகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி தோளைப் பார்த்தாங்க. சன்னப் பொடியா இருந்தா வசதியான பையன், சல்லியா இருந்தா யோசிக்கணும். அடப் போங்கப்பா, நானே அப்படி ஒரு சம்பந்தத்தை வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.

இதுல மாட்டிக்கிட்டது நான். எம்பேரு யசோதா, மார்க்கெட்டுக்குப் பின்னால கடை, பேசற பெட்டி செய்யறது தொழில். தறி நின்னா "நூல் அறுந்துருச்சு"ன்னு சொல்ற பெட்டி, லிஃப்ட்டுல "கதவு மூடுது"ன்னு சொல்ற பெட்டி, பஸ் ஸ்டாண்டு பெட்டி, எல்லாம் என் கையில சூடு பட்டு ஈயம் பத்த வெச்சதுதான். பெட்டிக்குள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும், அது எண்ணை எடுத்துக் குடுக்கும். அந்த எண்ணைச் சத்தமா மாத்துற உறுப்புக்கு எங்க தொழில்ல டாக்னு சொல்லுவோம். டாக் மட்டமா இருந்தா சத்தம் பெரிய பெரிய படியா இறங்கும், நல்லதா இருந்தா சின்னச் சின்னப் படியா இறங்கும். எத்தனை பிட்டுங்கறதுதான் அதுக்கு அளவு, பிட்டு கூடக் கூடப் படி சின்னதாகும். முன்னெல்லாம் அது காதுக்கு மட்டும்தான் தெரியும், இப்ப தோளுக்கும் தெரிய ஆரம்பிச்சுருச்சு.

எங்க தெருக் கூட்டுற மயிலாத்தா விளக்கமாத்தை ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும், எந்தக் கடை, எந்தப் பெட்டி, எத்தனை பிட்டுன்னு சொல்லிருவா. "இது உம்பட எட்டு பிட்டுதானேக்கா? சனியன், சாக்கடையையே அடைக்குது"ன்னு வாசல்ல நின்னு திட்டுவா. பெட்டி வாங்க வர்றவங்களும் மாறிட்டாங்க. ஓட்டிக் காட்டுங்க, கேக்கணும்னு ஒருத்தரும் சொல்றதில்ல. ஒரு துணியை விரிச்சுப் போட்டு ஓட்டுங்க, உதிர்றதைப் பார்க்கணும்னு சொன்னாங்க. நானும் அதையே பண்ணப் பழகிட்டேன். கறுப்புத் துணியை விரிச்சு, பக்கத்துல ஒரு ஆளை உக்கார வெச்சு, உதிர்றதை விரல்ல தேச்சுப் பார்த்து, இது தேறும் இது தேறாதுன்னு சொன்னேன். பெட்டி என்ன பேசுதுன்னு நான் காது குடுத்தே பல மாசம் ஆகியிருந்துச்சு.

அப்பதான் லோகு வந்தான். விசைத்தறி ஓட்டறவன், தலைமயிரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்துச்சு, சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருந்துச்சு.

"அக்கா, ஒரு பெட்டி வேணுமுங்க. ஆனா எதுவும் உதிரக் கூடாதுங்க."

"உதிராத பெட்டி இந்த ஊருல எவன்யா செய்வான்? போயி வேலையைப் பாரு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவன் போகாம அங்கேயே ஸ்டூல்ல உக்காந்து, கையால மூஞ்சியை மூடிக்கிட்டான். நான் பேசுனதை நெனச்சு இப்பவும் எனக்குக் கூசுது.

விசயம் இதுதான். அவன் சம்சாரம் சுகந்தாமணிக்கு ஏழாம் மாசமே பிரசவம் ஆயிருச்சு. பொண்ணு. ஒரு லிட்டர் பால் பாக்கெட் எடைகூட இல்ல. அம்மாக்காரிக்கு இருதயத்துல கோளாறுன்னு கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போயி, தொண்டையில குழாய் வெச்சு, மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருந்தாங்க. குழந்தை எங்க ஊரு ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. அது ஒரு பழக்கம் வெச்சிருந்துச்சு: இருந்தாப்பல இருந்து மூச்சு விட மறந்துரும். வார்டு பார்த்துக்கற பியூலா சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டுவாங்க, அப்புறம் ஞாபகம் வந்து மூச்சு விடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னெண்டு தடவை. அம்மா குரல் கேட்டா மறக்காம இருக்கும்னு டாக்டர் சொன்னாராம். அத்தை பேசிப் பார்த்தாச்சு, சித்தி பாடிப் பார்த்தாச்சு, லோகுவும் அழுதுகிட்டே பேசிப் பார்த்தாச்சு. அது எதையும் காதுல வாங்கலை.

சுகந்தாமணி குரல்னு இருந்தது லோகு போன்ல வந்த ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்தான், அரை நிமிசம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டதும் முகப் பவுடர் மாதிரி சன்னமா உதிர்ந்துச்சு. உதிர்ந்துச்சுன்னுகூடச் சொல்லக் கூடாது, கீழ இறங்காம அப்படியே மூடுபனியா மிதந்துச்சு. குழந்தை அதை இழுத்து இருமுச்சு. பியூலா சிஸ்டர் போனைப் பிடுங்கி வெளிய வெச்சுட்டாங்க.

"நல்ல டாக்தாங்க்கா அது, ஒசந்த போனு"ன்னான் லோகு.

"ஒசந்ததுதான் சாமி வினையே. அந்த நுரையீரலுக்கு அது ஆகாது"ன்னேன்.

கடைக் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு உக்காந்தோம், நானும் லோகுவும், தீர்ப்புச் சொல்ல மயிலாத்தாவும். போன்ல இருந்த அரை நிமிசத்தை எண்ணாக்கி மைக்ரோகண்ட்ரோலர்ல ஏத்திக்கிட்டேன். மொதல்ல இருக்கறதுலயே எளிசானது: தனியா டாக்கே கிடையாது, மைக்ரோகண்ட்ரோலரோட கம்பிக் கால் ஒண்ணைக் கண்ணு சிமிட்டறதுக்குள்ள ஆயிரம் தடவை போட்டு அணைச்சு, போட்டு அணைச்சு, அதைச் சத்தம்னு காதை நம்ப வெக்கிறது. கறுப்புத் துணியில தடதடன்னு சல்லி கொட்டுச்சு. மயிலாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தா. அதுக்கு முன்னால ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சல்லடையா வெச்சேன். சல்லி ரவையாச்சு, ஆனா குரல் பானைக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி அமுங்கிப் போச்சு. "தூக்கிப் போடுக்கா, பேய் பேசற மாதிரி இருக்குது"ன்னா மயிலாத்தா. பழைய சாமான் டப்பாவுல போட்டேன்.

அடுத்து நானே கட்டுன ஏணி. ரெசிஸ்டரைப் படிப்படியா அடுக்கி, ஒவ்வொரு படியும் முந்தின படியில சரிபாதி இருக்கற மாதிரி கட்டறது. கட்டி முடிக்க ஒரு பகல் பூராப் போச்சு. ஓட்டுனா, ஆகா, மிளகாய்ப் பொடி மாதிரி நயம். எனக்கே பெருமை தாங்கலை. ஆனா அஞ்சு நொடிக்கு ஒரு தடவை நடுவுல ஒரே ஒரு கூழாங்கல்லு டொக்குன்னு விழுந்துச்சு. சத்தம் நடுக்கோட்டைத் தாண்டறப்ப எல்லாப் படியும் ஒரே நேரத்துல கால் மாத்தி வெக்கணும், ஒரு ரெசிஸ்டர் துளி கூடக்குறைய இருந்தாலும் அந்த இடத்துல சறுக்கும். பெருஞ்சத்தம்னா அது அடிபட்டுப் போயிரும். குழந்தைக்காக மெதுவா வெச்ச சத்தம் அந்த நடுக்கோட்டைச் சுத்தியேதான் புழங்கும், அதனால கல்லும் விழுந்துகிட்டே இருக்கும். லோகு அந்தக் கல்லைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்துட்டிருந்தான்.

கடைசியா பன்னெண்டு பிட்டு டாக் ஒண்ணு, அரிசி அளவு சிப். போன் மாதிரி மிதக்காது, சல்லி மாதிரி இடிக்காது. கசகசா மாதிரி உதிர்ந்து உதிர்ந்த இடத்துலயே நின்னுச்சு. மயிலாத்தா விரல்ல தேச்சுப் பார்த்து, ஊதிப் பார்த்து, நாக்குல வெச்சுக்கூடப் பார்த்தா. "இது குழந்தைக்கு ஆகுமுக்கா"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னைக்கு மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பியூலா சிஸ்டர் கையை ரெண்டு தடவை கழுவ வெச்சு, செருப்பை வெளிய விடச் சொல்லி, பெட்டியைப் பஞ்சு வெச்சுத் தொடச்சு, கண்ணாடிக்குள்ள வெச்சாங்க. அப்பதான் அந்தக் குழந்தையை மொதத் தடவையா பார்த்தேன். என் கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத கை. வெங்காயத் தோல் மாதிரி மேனி. பெட்டி பேசுச்சு, கன்னத்துக்குப் பக்கத்துல கசகசா உதிர்ந்துச்சு. குழந்தை திரும்பலை, கேட்ட மாதிரியே தெரியலை. யாரோ எவரோ பேசறாங்கன்னு கிடந்துச்சு. அரை நிமிசம் முடியறதுக்குள்ள மூச்சை மறந்துருச்சு. சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டுனாங்க, ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணாவது தடவைதான் வந்துச்சு. கசகசா பட்ட இடம் கன்னத்துல சிவந்து போயிருந்துச்சு.

"எடுத்துட்டுப் போங்கம்மா"ன்னாங்க. கோபமா சொல்லலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

வராந்தாவுல மூணு பேரும் பெஞ்சுல உக்காந்தோம். சும்மா இருக்க மாட்டாம நான் கேட்டேன், "ஏன் லோகு, அந்த மெசேஜ்ல உன்ற சம்சாரம் என்னதான் சொல்லியிருக்குது?" மூணு நாளா அதை நூறு தடவை ஓட்டியிருக்கேன், ஒரு தடவைகூடக் கேக்கலை. துணியைத்தான் பார்த்துட்டிருந்தேன். மயிலாத்தாவும் அப்படித்தான். எங்களை எதுல சேக்கறது!

லோகு போனைக் காதுல வெக்கக் குடுத்தான். தோள்ல பவுடர் உதிர உதிரக் கேட்டேன். "ஏனுங்க, போனை எடுக்க மாட்டீங்களா? நூல் கோன் தீர்ந்து தறி நிக்குது, நீங்க டீக்கடையில உக்காந்துட்டு என்ன நாயம் பேசறீங்க? நானும் எத்தனை தடவை கூப்பிடறது? வாங்க வீட்டுக்கு, இன்னைக்கு இருக்குது உங்களுக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அந்த நேரத்துலயும்.

"இப்படியேதான் பேசுமா?"

"எப்பவுமே இப்படித்தானுங்க்கா. தறிச் சத்தத்துல கத்திக் கத்திப் பழகிருச்சு" அப்படின்னவன், தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "வயித்துல பாப்பா இருக்கறப்ப காதை வெச்சுக் கேப்பனுங்க. அப்பவும் மேல இருந்து என்னைத் திட்டிட்டேதான் இருப்பா. வயித்துல காது வெச்சா வார்த்தை ஒண்ணும் புரியாதுங்க்கா. ஆனா திட்டறாங்கறது மட்டும் தெரியும்."

நான் எந்திரிச்சுட்டேன். தலையில அடிச்சுக்கிட்டேன், நெசமாவே அடிச்சுக்கிட்டேன், வராந்தாவுல போனவங்க திரும்பிப் பார்த்தாங்க. ஏழு மாசமா அந்தக் குழந்தை கேட்ட குரல் அது, அமுங்குன குரல், பானைக்குள்ள தலையை விட்டுப் பேசற குரல், சதைக்கும் தண்ணிக்கும் அந்தப் பக்கம் இருந்து வந்த குரல். நாம தெளிவா கேக்கற சுகந்தாமணியை அது ஒரு நாளும் கேட்டதே இல்ல. அதுக்குத் தெரிஞ்ச அம்மாவை நான் பழைய சாமான் டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன்.

ஓடிப் போயி எடுத்தேன். டாக் இல்லாத அந்த எளிசான பலகைதான். இருந்த கெப்பாசிட்டரைப் பிடுங்கிட்டு அதைவிடப் பத்து மடங்கு பெரிசா ஒண்ணு வெச்சேன். எந்த வாடிக்கையாளர்கிட்டயும் அப்படிக் குடுத்தா மூஞ்சியில எறிஞ்சுருவாங்கன்னு அதுவரைக்கும் நான் வெச்சுப் பார்த்ததே கிடையாது. கூர்மையான சத்தம் பூராச் செத்துப் போச்சு. ஸ, ச, ட, ஒண்ணும் இல்ல. ஏறி இறங்கற முணுமுணுப்பு மட்டும் இருந்துச்சு, ஆனா யாரோ யாரையோ திட்டறாங்கன்னு சந்தேகமில்லாம தெரிஞ்சுச்சு.

"மொதல்ல எங்கிட்ட ஓட்டுங்க"ன்னு பியூலா சிஸ்டர் பெட்டியை வாங்கித் தன் காதுகிட்ட வெச்சுக்கிட்டு, உள்ளங்கையை நீட்டுனாங்க. படி எல்லாம் கரைஞ்சு போனதுல சல்லியும் இல்ல, ரவையும் இல்ல. இலவம்பஞ்சு மாதிரி மெத்துனு ஒரு இழை, அப்புறம் ஒரு இழை, கையில வந்து உக்காந்துச்சு. இளஞ்சூடா இருந்துச்சு. சிஸ்டர் கண்ணாடிக் கதவைத் தொறந்து பெட்டியை உள்ள வெச்சாங்க.

வாங்க வீட்டுக்கு, இன்னைக்கு இருக்குது உங்களுக்குன்னு அது முணுமுணுத்துச்சு. குழந்தை நெத்தியைச் சுருக்குச்சு. அந்தக் குட்டித் தலை, கழுத்துல பலமே இல்லாத தலை, பெட்டி இருந்த பக்கமா ஒரு நூல் அளவு திரும்புச்சு. லோகு சத்தம் வராம என் தோளைப் பிடிச்சுக்கிட்டான், நானும் தள்ளி விடலை. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அது மூச்சு விட மறக்கலை. மறுநாள் ரெண்டு தடவை மறந்துச்சு. அதுக்கு மறுநாள் ஒரு தடவை.

ஊரு இதையும் எடுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல போறவங்க, லோகு பொண்ணு இன்னைக்கு எத்தனை தடவை திட்டு வாங்குச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க. டீக்கடையில லோகு உக்காந்தா, "கோன் தீர்ந்துருச்சாம், எந்திரிச்சுப் போ"ன்னு கிண்டல் பண்ணுனாங்க. சிஸ்டர் தினமும் பஞ்சை எடுத்து ஒரு தட்டத்துல போடுவாங்க, மயிலாத்தா அதைச் சத்தக் குப்பைத் தொட்டியில போட மனசு வராம வேப்ப மரத்தடியில கொண்டு போயி வெப்பா, குருவிங்க தூக்கிட்டுப் போகும்.

குழந்தை பொறந்த பதினாறாம் நாளு சுகந்தாமணி வந்துச்சு. சக்கர நாற்காலியில, பாதியா இளைச்சு. குழாய் இருந்த தொண்டை பழுதாகிப் போயி, பேசுனா கருக்கரிவாளைத் தீட்டற மாதிரி கரகரன்னு வந்துச்சு. கண்ணாடிக்கு வெளிய இருந்து, பெட்டி முணுமுணுக்கறதைக் கேட்டுட்டு, "இது யாருங்க்கா?"ன்னு என்கிட்ட கேட்டுச்சு.

"நீதான் அம்மிணி."

கொஞ்ச நேரம் கேட்டுச்சு. "என்ற பழைய குரலை இந்தத் தொண்டைக்குள்ள வெக்க ஒரு சிப்பு இருக்குதுங்களாக்கா? இப்படிப் பேசுனா அவளுக்கு என்னைத் தெரியாதுங்க்கா. யாரோன்னு நெனச்சுக்குவா."

இல்ல அம்மிணின்னு சொன்னேன். பொய் சொல்ல வாய் வரலை. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வாயையே தொறக்கலை. சிஸ்டர் குழந்தையை எடுத்து அது நெஞ்சுமேல ஒட்டிப் படுக்க வெச்சுப் போர்த்தி விடுவாங்க. சுகந்தாமணி உதட்டை இறுக்கிக்கிட்டுக் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்கும், அதுக்குப் பதிலாப் பக்கத்துல பெட்டி பேசும். ரெண்டு நாளு அப்படியே. சிஸ்டர் சொல்லிப் பார்த்தாங்க, லோகு கெஞ்சிப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டுச்சு.

மூணாம் நாளு பதினோரு மணி இருக்கும், பெட்டிக்குப் பேட்டரி மாத்தலாம்னு நான் போயிருந்தேன். பழசைக் கழட்டிட்டேன், புதுசு இன்னும் கையில இருக்குது, முணுமுணுப்பு நின்னிருக்குது, பியூலா சிஸ்டர் அந்தக் கோடியில இன்னொரு குழந்தைக்கு ஊசி ஏத்திட்டு இருக்காங்க. சுகந்தாமணி குனிஞ்சு பார்த்துச்சு. போர்வைக்குள்ள முதுகு ஏறலை, இறங்கலை. உதடு நீலமாகுது.

"அடியே!"

அதைக் குரல்னே சொல்ல முடியாது. துணி கிழியற மாதிரி இருந்துச்சு. "மூச்சு விடுடீ! எத்தனை தடவைடீ உனக்குச் சொல்றது! விடுடீ மூச்சை! அப்பனாட்டமே கூப்பிட்டாத் திரும்ப மாட்டியா நீ? இன்னைக்கு இருக்குதுடீ உனக்கு!"

குழந்தையோட காது அம்மா நெஞ்சுல ஒட்டியிருந்துச்சு. எங்களுக்குக் கிழிஞ்சு கேட்டது அதுக்கு எப்படிக் கேட்டுச்சோ, முதுகு ஒரு தடவை வெட்டுச்சு, வாயைத் தொறந்துச்சு, காத்தை இழுத்துச்சு, அப்புறம் அழுதுச்சு பாருங்க, அந்த வார்டே அதிர அழுதுச்சு. பொறந்ததுல இருந்து பூனைக்குட்டியாட்டம் முனகிட்டு இருந்தது அன்னைக்குத்தான் குழந்தை மாதிரி அழுதுச்சு. சிஸ்டர் ஊசியோட அப்படியே திரும்பி நின்னுட்டாங்க.

சுகந்தாமணி ரெண்டு கையாலயும் பொண்ணை அணைச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதுச்சு. "மொத மொதல்ல இவகிட்டப் பேசறதே திட்டாப் போயிருச்சேங்க்கா. மொத மொதல்லயே திட்டிப் போட்டனே."

"அட போ அம்மிணி, அவளுக்கு உன்னைத் தெரிஞ்சதே அதுலதான்"ன்னேன்.

அது மூக்கை உறிஞ்சிக்கிட்டு, ஆங்காரத்தோட, கரகரத்த தொண்டையோட, விட்ட இடத்துல இருந்து மறுபடியும் ஆரம்பிச்சுச்சு. மூணு வாரமா என்னத்தடீ படுத்துன, உங்கப்பனைப் பாரு எப்படி இளைச்சுப் போயிட்டான், இந்த அக்காவை எத்தனை அலைய வெச்ச, தறி எத்தனை நாளாடீ நின்னு கிடக்குதுன்னு வரிசையா கேட்டுச்சு. நான் புதுப் பேட்டரியைப் பையிலேயே போட்டுக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்தேன். குழந்தை அழுதுகிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிச்சு.